கண்ணாடிக் கெட்டில்: ஆறு வருட அனுபவம்

முதலில் உடைந்தது கெட்டில் இல்லை, ஒரு தடித்த கண்ணாடி ஜாடி. கொதிக்கக் கொதிக்க ரசத்தை அதில் ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஜாடி சிதறவில்லை, அடிப்பாகம் மட்டும் அறுத்து எடுத்த மாதிரி வட்டமாகக் கழன்று மேடையிலேயே நின்றது. ரசமெல்லாம் தரையில்.

தடிமனான கண்ணாடி நன்றாகத் தாங்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சூட்டைப் பொறுத்தவரை நேர்மாறு. கண்ணாடிக்குள் சூடு மெதுவாகத்தான் பரவும். ரசம் பட்ட உள்பக்கம் சட்டென்று விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. விரியும் உள்பக்கம் வெளிப்பக்கத்தை இழுக்கிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அடி தடித்தும் சுவர் மெலிந்தும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும்.

அதன்பிறகுதான் போரோசிலிக்கேட் என்ற, சூட்டை நன்றாகத் தாங்கும் கண்ணாடியில் செய்த ஒரு லிட்டர் கெட்டில் வாங்கினேன். தினமும் காலையில் சுக்குத் தண்ணீர், சாயங்காலம் டீ, எல்லாம் சிறு தீயில். இந்தக் கண்ணாடியில் மணலோடு சுமார் 13 சதவீதம் போரான் ஆக்சைடு சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் யேனா நகரில் வேதியியலாளர் ஓட்டோ ஷாட் உருவாக்கிய வகை. ஒரு மீட்டர் நீளச் சாதாரணக் கண்ணாடியை 100 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும், இது 0.33தான் நீளும். விரிவது குறைவு, அதனால் இழுப்பும் குறைவு. நான்கு வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் உழைத்தது.

அப்புறம் நானே கெடுத்தேன். அடுப்பிலிருந்து இறக்கி, அப்போதுதான் கழுவிய ஈரமான கிரானைட் மேடையில் வைத்தேன். ஒரே நொடிதான், அடியில் பிறை வடிவில் கோடு ஓடியது. இந்தத் தடவை வெளிப்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்த்தது, சூடான உள்பக்கம் அதை விடவில்லை. மறுபடியும் வெளிப்பக்கத்தில்தான் இழுப்பு. போரோசிலிக்கேட் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இப்போது கையில் இருப்பது இரண்டாவது கெட்டில். அடுப்புக்குப் பக்கத்திலேயே மடித்த துணி ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது. கெட்டில் அதன்மேல்தான் இறங்கும். தண்ணீர் பாதி தீர்ந்ததும் பச்சைத் தண்ணீர் விட்டு நிரப்புவதை அடியோடு நிறுத்திவிட்டேன். சாதாரண டம்ளராக இருந்தால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுகிறேன். டீக்கடையில் வெந்நீரில் அலசிய கையோடு டீ ஊற்றுகிறார்களே, சுத்தத்துக்காகச் செய்தாலும் கிளாஸையும் அதுதான் காப்பாற்றுகிறது.

வாங்குபவர்கள் பெட்டியில் போரோசிலிக்கேட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறலில்தான் இழுப்பு போய்க் குவியும். என் கெட்டிலின் அடியில் போன மாதம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கீறலைப் பார்த்தேன். அன்றிலிருந்து அதில் மோர் மட்டும்தான்.