ஸ்பெக்ட்ரமும் கறுப்பு வெள்ளை டிவியும்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பழைய சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: வாங்குங்கள், ஆனால் கலர் டிவியில் மாட்டாதீர்கள். பெயரிலேயே நிறமாலையை வைத்திருக்கும் கணினிக்கு இப்படி ஒரு சிபாரிசா என்று சிரிப்பார்கள். பள்ளத்தூர் வீட்டில் பல வருஷம் கறுப்பு வெள்ளையிலும், அப்புறம் கலரிலும் இதே பெட்டியைப் பயன்படுத்திவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஸ்பெக்ட்ரம் இங்கிலாந்தில் 1982 ஏப்ரலில் அறிமுகமானது. 16 கே (கிலோபைட்) நினைவகத்தோடு 125 பவுண்டு, 48 கே என்றால் 175 பவுண்டு. உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ என்ற செயலி. எங்களுடையது 48 கே, ரப்பர் கீ வைத்தது. மலேசியாவின் ஈப்போவில் தொழில் பார்த்த அம்மான் 1985-ல் ஊருக்கு வந்தபோது பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவில் இதையும் வைத்துக் கொண்டுவந்தார். 'பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கட்டும்' என்பது அவர் எண்ணம். நாங்கள் படித்தது வேறு.

முதல் சிக்கல் டிவிதான். ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யு.எச்.எஃப். என்ற டிவி அலைவரிசையின் 36-ஆவது சேனலில் அனுப்பும். அந்தக் காலத்தில் நம் ஊர் டிவிகள் பலவற்றில் வி.எச்.எஃப். என்ற வேறு அலைவரிசை மட்டும்தான். எங்கள் வீட்டில் இருந்ததோ, அதற்கு முந்தைய பயணத்தில் அம்மானே கொண்டுவந்து கொடுத்த கைப்பிடி வைத்த சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. அதில் இரண்டு குமிழ்கள் உண்டு. ஒன்றைத் திருப்பித் திருப்பி இலங்கையின் ரூபவாகினி பார்ப்போம். இன்னொன்றில் யு.எச்.எஃப். என்று எழுதியிருக்கும், அதை யாரும் தொட்டதே இல்லை. அன்றைக்குத்தான் அந்தக் குமிழுக்கு வேலை வந்தது. இங்கிலாந்து டிவி முறையும் நம் முறையும் ஒலியில் வேறுபடும். ஆனால் ஸ்பெக்ட்ரமின் ஒலி டிவி வழியாக வருவதில்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் வரும். அதனால் தப்பித்தோம்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். திரை 256-க்கு 192 புள்ளிகள். எட்டு நிறங்கள், கறுப்பைத் தவிர ஒவ்வொன்றும் சாதாரணம், பளிச் என்று இரண்டு அளவில். ஆனால் நினைவகத்தை மிச்சம் பிடிக்க ஒரு சிக்கனம் செய்திருந்தார்கள்: எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒன்றில் இரண்டே நிறங்கள்தான் இருக்க முடியும். வெள்ளைப் பொம்மை பச்சைச் செடியைக் கடந்தால் ஒன்று பொம்மை பச்சையாகும், இல்லாவிட்டால் செடி கட்டம் கட்டமாக வெளுக்கும். கலரில் பார்த்தால் இது கண்ணை உறுத்தும். கறுப்பு வெள்ளையில் சாம்பலில் சற்று ஏற்ற இறக்கம், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்பெக்ட்ரமின் நிற எண்கள் கறுப்பு 0, நீலம் 1, சிவப்பு 2, கருஞ்சிவப்பு 3, பச்சை 4, வான்நீலம் 5, மஞ்சள் 6, வெள்ளை 7 என்று போகும். இது வெளிச்சம் ஏறும் வரிசை. கறுப்பு வெள்ளை டிவியில் போட்டால் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எட்டுப் படிகள் ஒழுங்காக வரும். அன்றைக்கு இங்கிலாந்திலும் எத்தனையோ வீடுகளில் இதைச் சின்னக் கறுப்பு வெள்ளை டிவியில்தான் மாட்டியிருப்பார்கள். குறை ஒன்று: கறுப்புப் பின்னணியில் நீல எழுத்து வந்தால் போச்சு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் போனாலும் தெரியாது.

சரி, ஆட்டங்கள். மேனிக் மைனர் 1983-ல் வந்தது, எழுதியவர் மேத்யூ ஸ்மித். 20 குகைகள், ஒவ்வொன்றிலும் காற்று தீர்வதற்குள் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். தாவலின் நீளம் என்றுமே மாறாது, எதிரிகள் ஒரே தடத்தில் போய் வருவார்கள். ஆகவே செத்தால் அது உங்கள் பொறுப்பு. இந்த நேர்மை பிடித்துப்போய்த்தான் இன்றைக்கும் ஆடுகிறேன். ஒரு வேலையாகத் திருச்சி போய்விட்டு வந்து ஆடினால்கூடக் கை தானாகத் தாவும். இது மட்டும் கலரில் பார்த்தால்தான் அழகு என்று ஒப்புக்கொள்கிறேன். பின்னால் ஓயாமல் ஒரே இசைத் துணுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்பத்தா அதைத் தாங்காமல் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போவார். பர்மாத் தேக்குக் கதவு, ஓசை வெளியே போகாது.

அதன் அடுத்த பாகமான ஜெட் செட் வில்லி 1984. நகலெடுப்பதைத் தடுக்க நிறக் கட்டங்கள் அச்சடித்த அட்டை ஒன்று உடன் வரும். கேட்ட கட்டத்தின் நிறங்களுக்குரிய எண்களை அழுத்தினால்தான் ஆட்டம் திறக்கும். அன்றைய ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை, அதனால் நகல் உதவாது. அக்கா ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகக் கையால் எழுதினாள். வீட்டுக் கோலப் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. இவ்வளவு செய்து உள்ளே போனால், ஆட்டத்திலேயே பிழை. மாடத்து அறைக்குள் ஒருமுறை போய்விட்டால் அப்புறம் வேறு சில அறைகளில் நுழைந்ததும் சாவுதான். அது வேண்டுமென்றே வைத்த கஷ்டம் என்று வெளியீட்டாளர்கள் முதலில் சொன்னார்கள், பிறகு திருத்தத்தை வெளியிட்டார்கள்.

நைட் லோர், அதே 1984. அறைகளை மூலையிலிருந்து பார்க்கிற கோணத்தில் வரைந்திருப்பார்கள். நிறச் சண்டையே வரக்கூடாதென்று ஓர் அறைக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதனால் எந்த டிவியிலும் ஒரே அழகு. நிறைய பொருட்கள் ஒரே நேரத்தில் அசைந்தால் ஆட்டம் மந்தமாகிவிடும், அதுதான் எரிச்சல்.

எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடியது எலைட் என்ற விண்வெளி வியாபார ஆட்டம். டேவிட் பிராபனும் இயன் பெல்லும் 1984-ல் பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு கணினிக்கு எழுதியது. அந்தப் பிபிசி மைக்ரோவும் அதே சமயத்தில் நம் நாட்டுக்கு வந்தது, கிளாஸ் என்ற அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். ஸ்பெக்ட்ரமுக்கு எலைட் 1985-ல் வந்தது, அம்மான் அடுத்த வருகையில் கொண்டுவந்தார். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். இவற்றையெல்லாம் எழுதி வைக்க நினைவகம் ஏது? சில விதை எண்களிலிருந்து கணக்குப் போட்டுத்தான் ஒவ்வோர் உலகத்தின் பெயரும் தொழிலும் சந்தை விலையும் பிறக்கும். எப்போது போட்டாலும் அதே உலகம் அதே இடத்தில் இருக்கும்.

கையில் 100 கிரெடிட்டும் ஒரு கப்பலும் கொடுத்து விட்டுவிடுவார்கள். நாங்கள் சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்தோம். ஐயா ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். ரங்கூனில் கடையில் இருந்தவர்.

"சண்டை எதுக்கப்பா? இந்த ஊர்ல என்ன விளையுது?"

"விவசாய ஊரு ஐயா. சாப்பாட்டுச் சாமான் மலிவு."

"அதை எங்க கேக்குறான்?"

"ஆலை இருக்கிற ஊர்ல."

"அங்கேருந்து என்ன ஏத்துவே? வெறுங் கப்பலாவா திரும்புவே?"

அதற்கப்புறம் அவர் சொல்லச் சொல்ல அக்கா ஒரு சிட்டை போட்டாள்: ஊர், சரக்கு, வாங்கிய விலை, விற்ற விலை. ஆலை ஊரிலிருந்து கம்ப்யூட்டர் ஏற்றி விவசாய ஊரில் இறக்கினால் நல்ல லாபம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். ஆட்டத்தில் அடிமை வியாபாரமும் போதைப்பொருளும் உண்டு, அந்த வரிகளைச் சிட்டையில் ஏற்றவே விடவில்லை. விண்கலத்துக்குப் புது ஆயுதம் வாங்க வேண்டும் என்று நாங்கள் கெஞ்சினால், "முதல்ல கைமுதல் இருக்கட்டும்" என்பார்.

எலைட் முழுக்கக் கோட்டோவியம், கறுப்பு வானில் வெள்ளைக் கோடுகள். எங்கள் டிவிக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால் இதன் பூட்டு மகா தொல்லை. லென்ஸ்லாக் என்று ஒரு பிளாஸ்டிக் வில்லை. திரையில் சிதறித் தெரியும் இரண்டு எழுத்தை அதன் வழியே பார்த்துப் படித்து அடிக்க வேண்டும். படத்தின் அளவு வில்லைக்குப் பொருந்தினால்தான் எழுத்து கூடும், சின்ன டிவியில் சில நாள் கூடும், சில நாள் கூடாது. காசு கொடுத்து வாங்கியவனைத் திருடனாக நினைக்கும் இந்தப் புத்தி இன்றுவரை இந்தத் தொழிலை விட்டுப் போகவில்லை.

ஆட்டங்கள் பதிந்து வரும் கேசட் பற்றிச் சொல்லாமல் முடியாது. வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 பிட், 48 கே ஆட்டம் ஏற 5 நிமிஷம் போல ஆகும். அந்த நேரம் முழுக்கக் கிறீச்சென்ற ஓசையும் திரை ஓரத்தில் ஓடும் பட்டைகளும்தான். கடைசி விநாடியில் 'ஆர் டேப் லோடிங் எரர்' வந்தால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் அனுபவத்தில் பாதிப் பிழை கரண்டால் வருவது. டேப் ரிக்கார்டரைச் சுவர்க் கரண்டில் ஓட்டாமல் பேட்டரியில் ஓட்டினால் உறுமல் போய்விடும். மீதிப் பிழை, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தால். ஹெட்டின் பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், ஓசை மிகக் கூர்மையாகக் கேட்கும்வரை அதை மெல்லத் திருப்ப வேண்டும். சினிமாப் பாட்டுப் பதிந்து தரும் கடையில் நகல் எடுக்கக் கொடுத்தபோது, கேசட் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் திருப்பித் தந்த கதையும் உண்டு.

கீபோர்டு பற்றி எனக்கு இரண்டு மனது. ரப்பர் கீயில் கட்டுரை அடிக்க முடியாது. ஆனால் பேசிக் என்ற நிரல் மொழியில் எழுத இது வசதி: 'பி' கீயை ஒருமுறை தட்டினால் 'பிரிண்ட்' முழுதும் வரும், 'ஜே' தட்டினால் 'லோட்'. ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை விடும் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பெட்டியைப் போட்டதும் நேரே பேசிக்தான் வந்து நிற்கும், ஆடுவதற்கும் எழுதுவதற்கும் ஒரே வாசல். ஆட்டத்தை ஏற்றும் சின்ன நிரலைத் திறந்து, நினைவகத்தில் 35136 என்ற இடத்தில் பூஜ்யத்தைப் 'போக்' செய்துவிட்டு, அதாவது நேரே எழுதிவிட்டு, ஓட்டினால் மேனிக் மைனரில் உயிர் தீராது. நினைவகம் என்பது எண்கள் அடுக்கிய அலமாரி என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான், பள்ளியில் இல்லை. நாமே வரைந்துகொள்ளும் எழுத்து வடிவங்களுக்கு 21 இடம் தருவார்கள், எட்டுக்கு எட்டுக் கட்டத்தில். ட, ப, ம எல்லாம் சுலபமாக அடங்கும். ண, ஐ இரண்டு கட்டம் கேட்கும். 247 எழுத்துக்கு 21 இடம். அப்பத்தா பெயர் வந்தது, ஊர்ப் பெயர் வந்தது, இடம் தீர்ந்தது.

தடகள ஆட்டமான டேலி தாம்ப்சன்ஸ் டெக்கத்லானை இதில் ஆடாதீர்கள். இரண்டு கீயை மாற்றி மாற்றிக் குத்தச் சொல்லும், கீழே இருக்கும் மென்படலம் தாங்காது.

பழுதுகள். பவர் பின்னில் நடுமுனை எதிர்மின், பெரும்பாலான எலிமினேட்டர்களுக்கு (மின் அடாப்டர்களுக்கு) நேர்மாறு. தொண்ணூறுகளில் ஒரு ரிப்பேர் கடையில் இது தெரியாமல் வேறொரு எலிமினேட்டரைச் சொருகிச் சோதித்ததில் கீழ் 16 கே நினைவகச் சில்லுகள் போயின. அந்தச் சில்லுகளுக்கு 5, 12, எதிர் 5 என்று மூன்று வோல்டேஜ் வேண்டும், ஒன்று தவறினாலும் காலி. போட்டால் வழக்கமான '1982 சின்கிளேர் ரிசர்ச்' வரிக்குப் பதில் கட்டங்களும் பட்டைகளும் வந்து நிற்கும். பல வருஷம் கழித்துத்தான் மாற்றுச் சில்லு போட்டு எழுப்பினேன். கூடவே கபாசிட்டர்களும் புது மென்படலமும். மென்படலம் இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதன் நாடா வயதானால் மொரமொரவென்று உடையும், ஆகவே தேவையில்லாமல் பெட்டியைத் திறக்க வேண்டாம். மெத்தை மேல் வைத்து ஓட்டவும் வேண்டாம், நன்றாகச் சூடேறும். நாங்கள் வெறும் ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்துத்தான் ஓட்டினோம்.

இப்போது கேசட் தேவையில்லை. போனிலிருந்து ஒலிக் கோப்பை முழு வால்யூமில் இயர் துளைக்குக் கொடுத்தாலே ஏறுகிறது. பெட்டியே வேண்டாம், ஆடினால் போதும் என்பவர்களுக்கு 2024-ல் 'தி ஸ்பெக்ட்ரம்' என்ற மறுபிறவி வந்திருக்கிறது. அதே ரப்பர் கீ, எச்.டி.எம்.ஐ., உள்ளேயே 48 ஆட்டங்கள். காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஃபியூஸ் என்ற இலவச எமுலேட்டர், அதாவது ஸ்பெக்ட்ரம் போலவே நடிக்கும் மென்பொருள், இன்றைய கணினியில் ஓடும். அதன் விருப்பங்களில் 'கறுப்பு வெள்ளை டிவி' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு முதலில் எலைட்டை ஏற்றுங்கள், மேனிக் மைனர் ஆடும்போது மட்டும் எடுத்துவிடுங்கள்.