கீழே விழுந்த பிறகு கை தூக்க வரலையா? ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றால் உடனே நம்பாதீர்கள்

சாரத்திலிருந்து விழுந்து கையை ஊன்றிய ஒரு கொத்தனார். அன்று மாலையே கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "ஃப்ரோசன் ஷோல்டர்தான் (தோள் மூட்டின் உறை இறுகிப்போவது), சரியாகிடும்" என்று சொல்லி 20 சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கிவிட்டார்கள். தினமும் ஐஎஃப்டி மெஷின் (வலிக்கு லேசான மின்சாரம் பாய்ச்சும் கருவி), சூட்டு ஒத்தடம், கடைசியில் கையைப் பிடித்து ஒரு இழு. நடுவில் மூன்று ஸ்டீராய்டு ஊசி. எட்டு மாதம் கழித்து வேறு இடத்தில் எடுத்த எம்ஆர்ஐயில், கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் முழுசாக அறுந்து உள்ளே சுருங்கிக் கிடந்தது. தசையில் கொழுப்பு ஏறி கிரேடு 3, அதாவது தசைக்குச் சமமாகக் கொழுப்பு. இனி இழுத்துத் தைத்தாலும் பிடிக்குமா என்பது சந்தேகம்.

இது கண்டுபிடிக்கக் கஷ்டமான வியாதியே இல்லை. ஃப்ரோசன் ஷோல்டரில் அடுத்தவர் தூக்கினாலும் தோள் மசியாது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் பாதியில் இறுகி நிற்கும். தசைநாண் கிழிசலில் அடுத்தவர் தூக்கினால் கை போகும், தானாகத் தூக்கினால்தான் போகாது. மேலே கொண்டுபோய் விட்டால் சிலருக்குப் பொத்தென்று விழும். இந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். அந்தக் கொத்தனாரின் ஓபி சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. தோள் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் செய்யும் அல்ட்ராசவுண்டிலேயே முழுக்கிழிசல் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விழுந்து கிழிந்த முழுக்கிழிசலில் நாள்தான் முக்கியம். சில வாரங்களுக்குள் தோள் அறுவை நிபுணர் பார்த்துவிட வேண்டும். தைப்பதென்றால் மூன்று மாதம் தாண்டாமல் இருப்பது நல்லது. தள்ளிப்போனால் நாண் எலும்பை விட்டு விலகிக்கொண்டே போகும், தசையில் ஏறிய கொழுப்பும் திரும்ப இறங்காது. தைக்கப்போகிற நாணுக்கு ஊசி மேல் ஊசி போட்டால் அது பலவீனமாகும். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் அறுவை செய்தால் தொற்று அபாயமும் கூடும்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் நடக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு மெல்ல மெல்ல வந்த வலி. எம்ஆர்ஐயில் ‘டியர்’ (கிழிசல்) என்ற சொல்லைக் காட்டி, இந்த வாரமே ஆபரேஷன் என்று அவசரப்படுத்துவார்கள். அந்த வயதில் வலியே இல்லாத பலரின் தோளிலும் கிழிசல் இருக்கும். தேய்ந்து கிழிந்ததற்கு முதலில் 12 வாரம் ஒழுங்கான உடற்பயிற்சி: தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் பயிற்சி, பிறகு தெராபேண்ட் எனும் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. பெரும்பாலோருக்கு இதுவே போதும். மெஷின் மட்டும் வைத்து அனுப்புவது பிசியோதெரபி ஆகாது. கிழிசலைத் தைக்காமல் ‘எலும்பைச் சீவிவிட்டால் வலி போகும்’ என்பவரிடமும் உஷார். இங்கிலாந்தில் நடந்து 2018-ல் லான்செட்டில் வந்த ஆய்வில், சீவியவர்களுக்கும் சீவாமல் வெறுமனே ஸ்கோப் (கேமரா குழாய்) விட்டுப் பார்க்கப்பட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பிஆர்பி ஊசி (நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளேட்லெட் திரவம்) அறுந்த நாணை ஒட்டவைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ‘ஸ்டெம் செல்’ என்று யாராவது தோளுக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல, ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம்.

அறுவை முடிந்தால், போட்ட ஒவ்வொரு ஆங்கருக்கும் (நாணை எலும்போடு தைக்க எலும்பில் பதிக்கும் சிறு ஆணி) லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதி எண், உள்ள ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் ஒட்டியிருக்க வேண்டும். பில்லில் நான்கு, ஸ்டிக்கர் இரண்டு என்றால் கேளுங்கள். அதன்பின் 4 முதல் 6 வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் தூளி). விரல், மணிக்கட்டு, முழங்கை முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். தானாகத் தூக்குவது சுமார் 6 வாரத்துக்குப் பிறகு, பலப்பயிற்சி 12 வாரத்துக்குப் பிறகு, கடின வேலை ஆறு மாதத்துக்குப் பிறகு. வலி இதற்கெல்லாம் முன்பே குறைந்துவிடும், ஆபத்தும் அதுதான். நாண் எலும்போடு பிடிக்குமுன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் தையல் பிய்ந்துவிடும். கட்டுப்படாத சர்க்கரையும் புகையும் அதே வேலையை மெதுவாகச் செய்யும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும். முன்பண ரசீதைத் தொலைக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.