பழுத்த அனுபவமா, இள வயதா? ஒபாமா, பைடன்: ஓர் அலசல்

அமெரிக்க அதிபராக வேண்டுமென்றால் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனம். மேல் வரம்பு கிடையாது. அரசியலிலேயே ஊறிய மூத்தவர்கள் அதிபர் தேர்தலில் நிற்கலாமா என்பதை அலச ஒபாமாவும் பைடனும் நல்ல ஜோடி. இருவரும் ஜனநாயகக் கட்சி, கொள்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வயதும் அனுபவமும்தான் வேறு.

2009இல் பதவியேற்றபோது ஒபாமாவுக்கு 47 வயது. நாடாளுமன்ற மேலவையான செனட்டில் முழுதாக நான்கு ஆண்டுகூட இருந்ததில்லை. 2021இல் பைடனுக்கு 78. அதற்குள் 36 ஆண்டு செனட்டர், 8 ஆண்டு துணை அதிபர்.

எதிர்க்கட்சியை இழுத்துவந்து சட்டம் நிறைவேற்றும் வேலையில் பைடன் கைதான் ஓங்கி நிற்கிறது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு 2010இல் குடியரசுக் கட்சியின் ஒரு வாக்குகூட விழவில்லை. பைடன் காலத்தில் செனட் 50-50 என்று பிளந்து கிடந்தது. அப்படியும் 2021 உள்கட்டமைப்பு மசோதாவுக்கு அந்தக் கட்சியின் 19 செனட்டர்கள் வாக்களித்தார்கள், அவர்களின் தலைவர் மெக்கானல் உட்பட. அரசியல் சூழல் வேறு என்பதும் உண்மைதான். ஆனால் 2012 கடைசியில் நடந்ததைப் பாருங்கள். வரி உயர்வும் செலவு வெட்டும் ஒன்றாக வந்து விழப்போகிற நெருக்கடி. செனட் தலைவர்களுக்குள் பேச்சு நின்றுபோனதும் மெக்கானல் போன் போட்டது துணை அதிபர் பைடனுக்கு. இருவரும் பேசி முடித்த உடன்பாடு புத்தாண்டு பிறந்த சில மணி நேரத்தில் செனட்டில் 89-8 என்று நிறைவேறியது. ஆண்டுக்கணக்கில் ஒரே அவையில் பழகியிருந்தால்தான் அப்படி ஒரு போன் வரும்.

அதற்காக, அனுபவசாலி எடுக்கும் முடிவெல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தவர் பைடன். அப்போது அவர் செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் வேறு. அதே மாதம் சிகாகோ கூட்டம் ஒன்றில் அந்தப் போரை எதிர்த்துப் பேசினார் ஒபாமா. அன்று அவர் இல்லினாய் மாநில அவை உறுப்பினர் மட்டுமே.

அப்புறம் உடம்பு. 2024 ஜூன் 27 அன்று டிரம்புடன் மோதிய அட்லாண்டா தேர்தல் விவாத மேடையில் பைடன் ஒரு பதிலின் நடுவே தடம் மாறி, மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம் என்று முடித்தார். அது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அவர் கட்சி கட்டிக் காக்கும் திட்டம். ஜூலை 21இல் போட்டியிலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக நின்ற கமலா ஹாரிஸுக்குத் தேர்தல்வரை மிஞ்சியது மூன்றரை மாதம்.

அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. கோபமெல்லாம் 2023 ஏப்ரல் மீதுதான். 2020 மார்ச்சில் டெட்ராய்ட் மேடையில், தன்னை அடுத்த தலைமுறைக்கான பாலமாகவே பார்ப்பதாகச் சொன்னவர், மூன்றே ஆண்டில் மறுபடியும் நிற்கிறேன் என்று அறிவித்தார். ஜெயித்திருந்தால் பதவி முடியும்போது வயது 86. கூட இருந்தவர்கள் தடுத்திருக்க வேண்டும். 2020இல் நிற்கும்போதே ஒரே தவணைதான் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் கட்சி ஆற அமர அடுத்தவரைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

டிரம்ப் கதை வேறு. 2025இல் பதவியேற்றபோது அவருக்கும் 78, அன்றைய பைடனைவிடச் சில மாதங்கள் மூத்தவர். ஆனால் 2017க்கு முன் எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை. முதுமையின் பாதகங்கள் அவருக்கும் உண்டு, 36 ஆண்டு செனட் பழக்கம் கிடையாது.

என்னைக் கேட்டால் 2008இல் ஜனநாயகக் கட்சி போட்ட வரிசைதான் சரி: 47 வயதுக்காரர் அதிபர், பழுத்த செனட்டர் துணை அதிபர். மெக்கானலோடு பேச ஆள் தேவைப்பட்டபோது ஒபாமாவுக்குப் பக்கத்திலேயே பைடன் இருந்தார். 81 வயதில் விவாத மேடை ஏறிய பைடனுக்குப் பதிலாக அந்த ஒன்றரை மணி நேரம் வேறு யாரும் நின்றிருக்க முடியாது.