ஒகவாங்கோவில் மொகோரோப் பயணம்: மட்டக்களப்பிலிருந்து போன ஒருவரின் மதிப்பீடு

பொட்ஸ்வானாவின் தலைநகரான கபரோனியில் பணிபுரியும் மகளைப் பார்க்கச் சென்ற ஆடி மாதத்தில், அவளோடு ஒகவாங்கோ கழிநிலத்தில் மூன்று நாள் மொகோரோப் பயணம் போய்வந்தேன். மொகோரோ என்பது ஒருவர் பின்னால் நின்று நீண்ட கோலூன்றித் தள்ளும் ஒடுங்கிய தோணி. அந்த நிலத்தைச் சிறு விமானத்தில் மேலிருந்து பார்க்கலாம், இயந்திரப் படகிலும் சுற்றலாம். ஆனால் தோணியில் வாவி கடந்து பள்ளிக்கூடம் போன, பின்னர் குளக்கட்டும் வாய்க்காலும் பார்க்கும் தொழிலிலேயே காலம் கழித்த எனக்கு, தண்ணீரின் மட்டத்தில் அமர்ந்து பார்ப்பதே சரியென்று பட்டது. எங்கள் பகுதியிலிருந்து யார் அங்கே போனாலும் இதையே தெரிவு செய்யுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

முதலில் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கோலாவின் மேட்டுநிலங்களில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்னும் இரண்டு ஆறுகளாக இறங்கி ஒன்றாகி, நமீபியாவின் ஒடுங்கிய நிலத்துண்டைக் கடந்து, மொஹெம்போ என்ற இடத்தில் பொட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அதன்பின் அது கடலைக் காண்பதேயில்லை. கலஹாரி மணலில் விசிறிபோல விரிந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. வெள்ளம் உச்சத்தில் நிற்கும்போது ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீற்றர் நனைகிறது என்கிறார்கள். அது நமது மட்டக்களப்பு மாவட்டத்தைப்போல ஐந்து மடங்கு. நிலச் சரிவு மிகக் குறைவு என்பதாலும், கோரை இனத்தைச் சேர்ந்த பப்பிரசுக் காடு தண்ணீரைத் தடுத்துத் தடுத்து விடுவதாலும், வெள்ளம் மறுமுனையிலுள்ள மவூன் நகரத்தைத் தொட மூன்று நான்கு மாதங்களாகின்றன. நமக்கு மாரி மழை பெய்த மறுநாளே குளம் வான் பாய்கிறது. அங்கேயோ வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத ஆடி மாதத்தில், புழுதி பறக்கும் வெயிலில், எங்கோ தை மாசியில் பெய்த மழை ஓசையில்லாமல் வந்து புல்வெளியை மூடுகிறது. அதைப் பார்த்து நின்றபோது தொழிலில் நான் கற்றதெல்லாம் புதிதாகத் தோன்றியது.

மவூனிலிருந்து ஜீப்பில் காட்டெருமை வேலியைக் கடந்து தோணித்துறைக்குப் போனோம். அம்பாறைப் பக்கத்தில் யானைக்கு வேலி போடுவதுபோல, அங்கே காட்டெருமைகளிடமிருந்து வளர்ப்பு மாடுகளுக்குக் காலிலும் வாயிலும் புண்ணாக்கும் கால்-வாய் நோய் தொற்றாதிருக்க வேலி போட்டிருக்கிறார்கள். துறையை நடத்துவது ஊர் மக்களின் அமைப்பு. தோணி தள்ளுபவர்கள் அனைவரும் அந்த ஊரவர்கள். எங்கள் தோணிக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். என்னை 'ர்ரா' என்றும் மகளை 'ம்மா' என்றும் அழைத்தார். அவர்களது செற்சுவானா மொழியில் அவை ஐயா, அம்மா போன்ற மரியாதைச் சொற்கள். மகள் அதைக் கேட்டு, "அப்பா, நம்மட ஊர்ல கூப்பிடுற மாதிரியே இருக்குதே" என்று மகிழ்ந்தாள்.

முன்பு பெருமரங்களைக் குடைந்து செய்த இந்தத் தோணிகள், மரங்களைக் காப்பதற்காக இப்போது பெரும்பாலும் பைபரில் செய்யப்படுகின்றன. தோணியின் விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரம்தான் இருக்கும். ஆகவே அல்லிப் பூக்கள் கன்னத்தில் உரசும்படியே போகிறோம். அந்த நீல அல்லி நமது நீலோற்பலத்தின் இனமே. நமது நாட்டின் தேசிய மலரை ஆபிரிக்காவில் தோளுயரத்தில் கண்டேன். ஒரு நாணல் தண்டில் பெருவிரல் நகத்தளவு தவளையொன்று, வெள்ளையும் பழுப்புமான கோடுகளோடு, கால்களை உடம்புக்குள் ஒடுக்கி ஒட்டியிருந்தது. தோணிக்காரர் கோலைப் பிடித்து நிறுத்தி, அதை எங்கள் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து காட்டினார். இயந்திரப் படகில் போனால் இது ஒருநாளும் கண்ணில் படாது. இலைக்கோழி அல்லியிலைமேல் நடப்பதும், லெச்வே என்னும் செம்மான்கள் விரிந்த நீண்ட குளம்புகளால் சேற்று நீரைச் சிதறடித்துப் பாய்வதும், யானைகள் தும்பிக்கையை உயர்த்தி வாய்க்காலைக் கடப்பதும் இப்படித்தான், மிக அருகில், ஓசையின்றிக் கிடைத்தன. சேனநாயக்க சமுத்திரத்தில் யானை நீந்துவதைப் பார்த்தவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

நீர்யானை மட்டும் வேறு கதை. ஒரு வளைவில் அவர் தோணியை நாணலுக்குள் ஒதுக்கி, கைகாட்டி எங்களைப் பேசாதிருக்கச் செய்து, நீர்க்குமிழிகளை நீண்ட நேரம் கவனித்துவிட்டு, வேறு கிளை வாய்க்காலால் திருப்பினார். அந்த வாய்க்கால்களைத் திறந்து வைத்திருப்பதும் நீர்யானைகள்தாம். அவை நாள்தோறும் நடக்கும் தடத்தில் பப்பிரசு மூடுவதில்லை. நாம் கொடுக்கும் பணம் முழுவதும் அந்தக் கண்ணுக்கும் பொறுமைக்கும்தான் என்று அப்போது உணர்ந்தேன்.

என்னை மிகவும் ஆட்கொண்டது இரண்டாம் நாள் தீவு நடை. வந்துசேரும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வரை ஆவியாகவும் செடிகளின் வழியாகவும் வானத்துக்கே போய்விடுகிறது. அப்படியானால் உப்பு எங்கே போகிறது, இந்த நீர் எப்படி நன்னீராகவே இருக்கிறது என்பது என் மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. தீவுகள் பல கறையான் புற்றிலிருந்து தொடங்கியவை. புற்று மேடாகிறது, மேட்டில் விதை விழுந்து மரமாகிறது, கரையோர மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்ச, உப்பு தீவின் நடுவுக்கு அடியில் சேர்ந்துகொண்டே போகிறது. நடுப்பகுதியில் வேறு மரமே இல்லை. வெண்மையான பொருக்குப் படிந்த வெட்டவெளியும், பனையின் உறவான சில மொகோலா மரங்களும் மட்டும் நின்றன. தோணிக்காரர் ஒரு பொருக்கைக் கிள்ளித் தந்தார். நாக்கில் வைத்தபோது அப்பச்சோடாவின் அதே கரிப்பு. கரைக்குத் திரும்பியதும் அல்லித் தண்டொன்றைக் குழலாக்கி ஆற்று நீரை அவர் உறிஞ்சிக் குடித்தார். அந்த நீர் துளியும் கரிக்காது என்றார்.

குறை ஒன்று உண்டு, அது தோணிக்காரர்களுடையது அன்று. மவூனில் எங்களுக்குப் பதிவு செய்து தந்த முகவரிடம் நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்று இருமுறை சொல்லியிருந்தும், கட்டித் தந்த பொதிகள் அனைத்திலும் அதுவே இருந்தது. தோணிக்காரர் தமது சோளமாக் களியையும் கீரையையும் எங்களோடு பகிர்ந்துகொண்டார். ஆகவே உணவை நீங்களே கொண்டு செல்லுங்கள். இயலுமானால் ஊரமைப்பின் அலுவலகத்திலேயே நேரில் பதியுங்கள்.

ஆடி மாத இரவுக் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது. கூடாரத்துக்குள் இரண்டு போர்வையும் எனக்குப் போதவில்லை. மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். கட்டணம் பருவத்துக்கேற்ப மாறுவதால் இங்கே எழுதவில்லை. ஒருநாள் பயணமும் விற்கிறார்கள். அதை எடுக்காதீர்கள், தீவின் நடுவரை ஆறுதலாக நடந்து போய்வர அதில் நேரம் போதாமல் போகலாம்.