கை படாத பியானோவா, புதுப்பித்த பியானோவா?

நூறு வயது கிராண்ட் பியானோ பெரும்பாலும் இரண்டு கோலத்தில் விற்பனைக்கு வரும். ஒன்று, செய்த நாளிலிருந்து யாரும் பிரிக்காதது. இன்னொன்று, ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்று முகம் தெரியும் பாலிஷோடு நிற்பது. மனசு இரண்டாவதன் பக்கம் சாயும். என் ஓட்டு முதலாவதற்கு, பின் பிளாக் நன்றாக இருந்தால்.

வீணைக்குப் பிரடை போல பியானோவுக்கு ட்யூனிங் பின். அந்தப் பின்களை இறுக்கிப் பிடிக்கும் பலகைதான் பின் பிளாக். சுமார் 230 கம்பிகள் சேர்ந்து ஏறக்குறைய 18 டன் இழுக்கின்றன. பலகை காய்ந்து வெடித்தால் சுருதி நிற்காது. இரும்புச் சட்டத்துக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ட்யூனர் பின்னைத் திருப்பினால் அவர் கைக்குத் தெரியும். கை படாத பியானோவில் அந்தக் கை சொல்வதை நம்பலாம். புதுப்பித்ததில் பழைய பலகையிலேயே பருமனான பின்களை அடித்து இறக்கியிருக்கலாம். இன்றைக்குப் பிடிக்கும், அப்புறம்?

கம்பிகளின் அதிர்வைப் பெருக்கி ஒலியாக்கும் பெரிய மரப்பலகைதான் சவுண்ட்போர்டு. அதிலும் இதே கதை. விரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம். வாசிக்கும்போது கரகரவென்று அதிர்ந்தால்தான் வம்பு. பியானோவுக்கு அடியில் படுத்துக்கொண்டு, சவுண்ட்போர்டின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் நீளமான மரச்சட்டம் ஒன்றை ஒட்டி நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால், பலகைக்குச் செய்தபோது கொடுத்த வளைவு மிச்சம் இருக்கிறது. புது வார்னிஷ் விரிசலை மறைக்கும், வளைவைத் திருப்பித் தராது.

கம்பி விஷயத்தில் புதுப்பித்ததே மேல். பல வருடம் ட்யூன் செய்யாத பியானோ அரை சுரம் இறங்கியிருக்கும். இன்றைய வழக்கமான சுருதிக்கு (A சுரம் 440 ஹெர்ட்ஸ்) ஏற்றும்போது துருப்பிடித்த கம்பிகள் அறுந்துவிடலாம். கம்பியை அடிக்கும் சுத்தியல்களோ, புதிது என்பதற்காகவே நல்லதாகிவிடாது. எடை பொருந்தாவிட்டால் கட்டைகள் கனத்துப்போகும். மெதுவாக வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தந்தக் கட்டைகள் இருந்தால், நாடு விட்டு நாடு கொண்டுபோவது தலைவலி. இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தால் எதுவானாலும் விட்டுவிடுங்கள். கம்பெனிப் பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஸ்டெயின்வே, பெக்ஸ்டைன், ப்ளூத்னர் மூன்றுமே 1853-இல் தொடங்கியவை. மூன்றிலும் செத்துப்போன பியானோக்கள் உண்டு.

புதுப்பித்தவர் இரும்புச் சட்டத்தைக் கழற்றிப் புதுப் பின் பிளாக் பொருத்தியதைப் படத்தோடு காட்டினால், சரி, நானும் கட்சி மாறிவிடுவேன்.