பெருங்குடல் பரிசோதனையும் மருத்துவர் ஒதுக்கிய 20 நிமிடமும்

மலத்தில் இரத்தம் போனதை மூலம் என்று எண்ணி ஆறு மாதம் கைவைத்தியத்தில் கடத்திவிட்ட என் தந்தையைக் கடந்த மாதம் மேலூரிலிருந்து மதுரைக்கு அழைத்து வந்து, மாட்டுத்தாவணிக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு தனியார் குடல்நோய் மருத்துவமனையில் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தோம். மயக்க மருந்து கொடுத்ததால் அவருக்கு வலி தெரியவில்லை. குடலின் உட்சுவரில் காளான் போலத் தண்டுடன் வளர்ந்திருந்த பாலிப் ஒன்றை அப்போதே சுருக்குக் கம்பியால் அறுத்தெடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்; புற்று இல்லை என்று அறிக்கை வந்தது.

இதை நான் எழுதக் காரணம், அறிக்கை வந்த அன்று மருத்துவர் எங்களுக்கு ஒதுக்கிய 20 நிமிடம்தான். "எண்ணெயை அடியோடு விட்டுவிட்டால் இனிப் புற்று வராதுதானே, டாக்டர்?" என்று அப்பா கேட்டார். மருத்துவர் ஒரு தாளை அப்பாவின் பக்கம் திருப்பி வைத்து, செல்லை வட்டமாக வரைந்து விளக்கினார். சர்க்கரை உடைந்து கிடைக்கும், இரண்டிரண்டு கார்பன் கொண்ட துண்டுகளைக் கோத்து, 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் என்னும் கொழுப்பைக் கட்டுகிற நொதி ஒன்று நம் உடலில் இருக்கிறது. கொழுப்பமில சிந்தேஸ் என்பது அதன் பெயர். கல்லீரல் போன்ற சில இடங்களைத் தவிர மற்றத் திசுக்கள் பெரும்பாலும் இரத்தத்தில் வரும் கொழுப்பையே எடுத்துக்கொள்வதால், அங்கே அதற்கு அதிக வேலை இல்லை. பெருங்குடல் புற்றுச்செல்களிலோ அது பல நேரங்களில் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. ஓயாமல் பிரியும் செல்லுக்குப் புதிய சவ்வு வேண்டும். அதற்கான கொழுப்பைச் செல் தானே செய்துகொள்கிறது.

"ஆகவே, ஐயா, சமையலறையில் எண்ணெயை நிறுத்துவதால் மட்டும் அந்த உலை அணையாது" என்றார். அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள் பெருங்குடல் புற்றுக்கு இன்னும் ஆய்வு நிலையிலேயே இருப்பதையும், பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவு ஆவதால் இடையிலேயே கண்டு எடுத்துவிடுவதுதான் இன்று கையிலுள்ள வழி என்பதையும் மறைக்காமல் சொன்னார். புகையிலையை விடச் சொன்னதில் மட்டும் கண்டிப்பு இருந்தது.

குறை என்றால், பரிசோதனைக்கு முந்தைய நாளுக்கான உணவுமுறைத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. விதையுள்ள பழம் கூடாது என்பது தெரியாமல் அப்பா கொய்யா தின்றுவிட்டதால், உள்ளே கழுவிக் கழுவிப் பார்க்க வேண்டியதாயிற்று. தமிழில் ஒரு தாள் அச்சிடுவது பெரிய செலவல்ல. அதை அவர்கள் உடனே செய்ய வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் நாள் இரவே மதுரையில் தங்கிவிடுங்கள். பேதி மருந்தைக் குடித்துவிட்டுப் பேருந்தில் வர முடியாது.