புதுமைப் பெண் பணமும் கட்டுமான வாரிய அட்டையும்: ஒரே வீட்டில் இரண்டு அனுபவம்

அக்கா மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவள், அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். அதனால் தமிழ்நாடு அரசின் இரண்டு திட்டங்களை ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது, ஒன்று புதுமைப் பெண், இன்னொன்று கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவி. இரண்டுக்கும் சான்றிதழ், ஜெராக்ஸ், வங்கி என்று அலைந்தது பெரும்பாலும் நான்தான். மாணவிக்கான திட்டம் நன்றாக வேலை செய்கிறது. தொழிலாளிக்கான திட்டம் காகிதத்தில் அதைவிடப் பெரியது, ஆனால் கைக்கு வந்து சேர்வதற்குள் ஆள் களைத்துப் போகிறார். 2022-க்கும் 2025-க்கும் இடையில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு, பட்டப்படிப்போ டிப்ளமோவோ ஐடிஐயோ எதுவானாலும், படிப்பு முடியும்வரை மாதம் ரூ.1000 நேராக அவள் கணக்கில் விழும். மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றால் மொத்தம் 36,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். முன்பு அதே அம்மையார் பெயரில் இருந்தது திருமண நிதியுதவி, கடைசியில் அது 8 கிராம் தங்கமும், பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் என்று ஆகியிருந்தது. அதைத்தான் படிப்புக்கு மாற்றினார்கள். தங்கம் போச்சே என்று அக்கா ரொம்ப நாள் வருத்தப்பட்டாள், தங்கம் விற்கிற விலையில் அந்த வருத்தம் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தங்கம் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது பெற்றவர் கைக்கு வந்தது, இந்த ஆயிரம் படிக்கிற பெண்ணின் ஏடிஎம் கார்டில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த வீட்டிலேயே பார்த்தேன். ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், ஃபோன் ரீசார்ஜ் இதற்கெல்லாம் அவள் அப்பாவிடம் கேட்டு நிற்பதில்லை. டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் அவள் கல்லூரிக்கு நடுவில் மஃப்சல் பஸ் மாறி ஏற வேண்டும், அதற்கு டிக்கெட் உண்டு, அந்தக் காசும் இதிலிருந்துதான். ஒரு மாதம் மழையில் அப்பாவுக்கு வேலையே இல்லாதபோது வீட்டு கேஸ் சிலிண்டருக்குக்கூட அவள்தான் கொடுத்தாள், அது திட்டத்தின் நோக்கம் இல்லை என்றாலும் எனக்கு அதில் குறை தோன்றவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது விண்ணப்பிக்கிற முறை. மாணவி எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். கல்லூரியில் இதற்கென்றே ஒரு பேராசிரியரைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், அவர் வகுப்புக்கே வந்து பெயர் எடுத்துப் பதிவு செய்துவிடுகிறார், பள்ளியில் படித்த விவரம் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கிற எண்ணை, வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. தகுதி உள்ளவளைத் தேடி வருகிற திட்டம் இது, கேட்காதவளுக்கும் கிடைக்கிறது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று படிக்கிற பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சிக்கல் வந்தது வங்கியில். முதல் தவணை வந்துவிட்டது என்று தோழிகள் எல்லாம் சொல்ல, இவள் கணக்கில் மட்டும் ஒன்றுமில்லை. கல்லூரியில் கேட்டால் "உனக்கும் அனுப்பியாச்சும்மா" என்கிறார்கள். கடைசியில் பார்த்தால், பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காக வேறு ஒரு வங்கியில் தொடங்கி எல்லாரும் மறந்தே போன கணக்கு ஒன்று, ஆதார் அதோடுதான் இணைந்திருந்தது, பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை மேப் செய்தார்களோ அங்கேதான் போகும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மை ஆதார் தளத்தில் உள்ளே போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும், கல்லூரியில் சேர்கிற வாரமே அதைப் பார்த்துவிடுங்கள். கணக்கு ஜீரோ பேலன்ஸ்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று ஆயிரத்தில் கொஞ்சம் சில வங்கிகள் எடுத்துக்கொள்ளும்.

தகுதி விதியிலும் ஒரு குறை உண்டு. 6 முதல் 12 வரை முழுக்க என்பதால், இடையில் ஓரிரு வருடம் தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஃபீஸ் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த பெண் வெளியே நிற்கிறாள். ஃபீஸ் கட்ட முடியாமல் வந்தவளுக்குத்தானே இந்தப் பணம் முதலில் தேவை? அரசு உதவி பெறும் பள்ளிகளை ஆரம்பத்தில் சேர்க்கவில்லை, 2024 டிசம்பரில்தான் அங்கே தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வனும் இதே மாதிரிதான், அதே ஆயிரம், அதே கல்லூரிப் பதிவு.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு நடத்துகிற திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் பற்றியும் கேட்பீர்கள். பாடம் நடத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்து இருக்கிறது, ஒரு செமஸ்டர் நல்ல பயிற்சி, அடுத்த செமஸ்டர் வீடியோவை ஓடவிட்டு மதிப்பெண் வாங்குகிற வேலை. இப்போதைக்கு அவ்வளவுதான்.

இனி கட்டுமான வாரியம். இதைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். 1994-இல் அமைத்த வாரியம் இது, 18 வயதிலிருந்து 60 வரை உள்ள கட்டுமானத் தொழிலாளி பதிவு செய்யலாம், பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, இறப்பு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று பட்டியல் நீளம். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பல தொழிலாளிகளுக்கே தெரியாது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வசூலிக்கிறார்கள், அதிலிருந்துதான் கொடுக்கிறார்கள். அதாவது அக்கா வீட்டுக்காரர் செங்கல் வைத்துப் பூசிய கட்டடங்களின் பெயரிலேயே வந்த காசு, அவருக்கு உரியது.

ஆனால் அதை வாங்க அவர்தான் போய்க் கேட்க வேண்டும். வேலை செய்கிறார் என்பதற்குச் சான்று, கல்லூரியிலிருந்து போனஃபைட் (அங்கே படிக்கிறாள் என்ற சான்றிதழ்), பழைய வாரிய அட்டை, வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், ஒவ்வொரு படிப்பாண்டுக்கும் புதிதாக. இ-சேவை மையத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், ஓடிபி அவர் ஃபோனுக்குப் போகும், ஃபோன் சாரத்துக்குக் கீழே டிபன் பையில் கிடக்கும், அவர் மேலே பூச்சு வேலையில் இருப்பார். "அண்ணே, ஓடிபி வந்துச்சா?" என்று மையத்துத் தம்பி கேட்டுக்கொண்டே இருப்பான், நேரம் முடிந்து திரும்ப முதலிலிருந்து. நம்பரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே இன்னொரு கொடுமை, இருபது வருடத்துக்கும் மேலாக சிமெண்ட் கலந்த கையில் ரேகையே தேய்ந்துபோய் மெஷின் எடுக்கவில்லை. துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் கண்ணை வைத்துத்தான் முடிந்தது. சம்பளம் இல்லாத நாட்கள் அவை. அப்புறம் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது, காரணம் என்று ஒரே வரி, ஆவணம் தெளிவாக இல்லையாம், எந்த ஆவணம் என்று போடவில்லை. அலுவலக வாசலில் ஒருவர் வந்து, வருகிற பணத்தில் பங்கு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. பணம் வந்தது, ஆனால் அந்தப் படிப்பாண்டே முடிகிற சமயத்தில்.

மார்க் போடச் சொன்னால் புதுமைப் பெண்ணுக்கு ஐந்துக்கு நாலு, வாரியத்தின் திட்டங்களுக்கு நாலு, வாரியத்தின் நடைமுறைக்கு ஒன்றரை. அலுவலகத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை, உள்ளே ஒரு அம்மா பொறுமையாக எல்லாம் விளக்கினார், அவர் மேசையில் இருந்த கட்டுகளைப் பார்த்தாலே புரியும்.

என் கேள்வி இதுதான். கல்லூரியில் பிள்ளை சேர்ந்த விவரம் யூமிஸ் தளத்தில் அரசிடமே இருக்கிறது. அப்பா வாரிய உறுப்பினர் என்பதும் அரசிடமே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போனஃபைட் எதற்கு, ஸ்கேன் எதற்கு? மகளுக்கு வகுப்பறைக்கே போய்ப் பெயர் எடுக்கிற மாதிரி, அப்பாவுக்கு வேலை நடக்கிற இடத்துக்கோ காலையில் ஆட்கள் கூடுகிற முக்குக்கோ மாதம் ஒருமுறை போய் முகாம் போட்டால் பாதிப் பேர் அட்டை காலாவதியாகாமல் இருக்கும். அதுவரை உங்கள் வீட்டில் யாராவது சித்தாளோ கொத்தனாரோ பெயிண்டரோ இருந்தால், வாரிய அட்டையை எடுத்துப் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பாருங்கள், ஆதாரில் இருக்கிற ஃபோன் நம்பர் இப்போது கையில் இருக்கிற நம்பர்தானா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மேலே சொன்ன அலைச்சலில் பாதி குறையும்.